சுரங்கத்திலிருந்து வந்த சுகாதார மந்திரி

நெஞ்சு நிறைய நிலக்கரித் தூசு. மூச்சுத் திணறித் திணறி, பெற்ற மகனின் கைகளிலேயே அந்தச் சுரங்கத் தொழிலாளி உயிர் விட்டார். ஆண்டு 1925. நஷ்டஈடு கிடைத்ததா? ஒரு காசு கிடைக்கவில்லை! அந்த நோய் சட்டத்தின் பட்டியலில் இல்லையாம்! தூசைச் சுவாசிக்க வைத்தவனுக்குப் பொறுப்பில்லை. சுவாசித்து மாண்டவனின் குடும்பத்துக்கு நாதியில்லை.

அந்த மகன்தான் அன்யூரின் பெவன்.

வேல்ஸ் நாட்டின் டிரெடிகர் என்னும் சுரங்க ஊரிலே 1897-இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கினார். திக்குவாய் வேறு! அந்தத் திக்குவாய்ச் சிறுவன்தான் பின்னாளில் பார்லிமெண்டிலே சர்ச்சிலை எதிர்த்து முழங்கினான். 1929 முதல் சாகும்வரை எப்பு வேல் தொகுதி மக்கள் அவரைக் கைவிடவேயில்லை.

டிரெடிகர் தொழிலாளர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள், தோழர்களே. கூலியில் பவுனுக்கு மூன்று பென்ஸ் வீதம் பொதுநிதிக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்து டாக்டருக்குச் சம்பளம், மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் நடந்தன. ஊர் ஆஸ்பத்திரிக் கமிட்டியிலே பெவனும் அமர்ந்து பணியாற்றினார். தொழிலாளி கையேந்தாமல் வைத்தியம் பெற முடியும் என்பதை அவர் கற்றது அங்கேதான், புத்தகத்திலே அல்ல.

1945-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. பெவன் சுகாதார மந்திரியானார். அன்றைய பிரிட்டனின் ஆஸ்பத்திரிகள் எப்படி இருந்தன? ஒருபுறம் தர்ம ஆஸ்பத்திரிகள். சீமான்களின் நன்கொடையும் தெருவிலே கொடி விற்ற காசும் அவற்றைக் காத்தன. படுக்கையில் கிடப்பவனிடம் உன்னால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று விசாரிக்க ஓர் உத்தியோகஸ்தர்! மறுபுறம் நகரசபை ஆஸ்பத்திரிகள். அவற்றிலே பல, ஒரு காலத்தில் ஏழைகளை அடைத்து வைத்த பழைய விடுதிகள். செல்வர் வாழும் ஊரிலே நல்ல ஆஸ்பத்திரி. நோய் மிகுந்த சுரங்க ஊரிலே ஒன்றுமில்லை.

அனைத்தையும் நாட்டுடைமை ஆக்குவேன் என்றார் பெவன். நகரசபைகளிடமே இருக்கட்டும் என்று சொந்தக் கட்சியின் ஹெர்பர்ட் மாரிசனே எதிர்த்தார். டாக்டர்கள் சங்கம் 1948 பிப்ரவரியில் வாக்கெடுத்தபோது பத்தில் ஒன்பது பேர் எதிர்ப்பு! பெரிய நிபுணர்களுக்கு, அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே காசு வாங்கி வைத்தியம் செய்யச் சலுகை கொடுத்தார். கசப்பான சமரசம்தான். ஆனால் அதைக் கொடுத்திராவிட்டால் கதவே திறந்திராது என்பது என் கருத்து.

1948 ஜூலை 5. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,688 ஆஸ்பத்திரிகள் ஒரே நாளில் மக்கள் சொத்தாயின. செலவு, மக்களின் வரிப்பணம். வாசலில் யாரும் காசு கேட்கவில்லை.

கைக்கு வந்த கட்டடங்களோ பழசு. பல சென்ற நூற்றாண்டுச் சுவர்கள். யுத்தம் வீடுகளை இடித்திருந்தது. இரும்பும் மரமும் தட்டுப்பாடு. வீட்டுவசதியும் அவர் பொறுப்பே. ஆஸ்பத்திரிச் சுவர்கள் காத்திருந்தன.

காத்திருந்த பணம் எங்கே போயிற்று? 1951-இல் மூன்றாண்டு ஆயுதத் திட்டத்துக்கு 470 கோடி பவுன்! அதே பட்ஜெட்டில், ஏழையின் பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம். அதனால் அந்த ஆண்டு கிடைக்கவிருந்தது 1 கோடியே 30 லட்சம் பவுன். இந்த அற்பத் தொகைக்காகவா கொள்கையை விற்பது? பெவன் மந்திரிப் பதவியை வீசி எறிந்தார். கட்சியைப் பிளந்தார் என்று ஏசினார்கள், ஏசட்டும்.

1960 ஜூலை 6-இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. 1962-இல், அவருடைய மசோதாவை எதிர்த்து வாக்களித்த அதே கன்சர்வேடிவ் கட்சியின் சர்க்காரே, 90 புதிய ஆஸ்பத்திரிகள் கட்டவும் 134 ஆஸ்பத்திரிகளைப் புதுப்பித்து விரிவாக்கவும் 50 கோடி பவுன் திட்டம் போட்டது! அத்தனையும் திட்டமிட்டபடி எழும்பவில்லை, பணம் போதவில்லை.

எப்பு வேல் காத்திருந்தது. பழைய இரும்பாலை நின்ற நிலத்திலே, பொதுப்பணத்தில், 2010-இல் ஓர் ஆஸ்பத்திரி திறந்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் தனி அறை. வாசலிலே பெவன் பெயர்.