வல்லாள மன்னனும் அவன் அரண்களும்

திருவண்ணாமலைத் திருக்கோயிலின் இராஜகோபுரத்தைக் கடந்து உட்செல்வார்க்கு எதிரே தோன்றுவது வல்லாள மகாராஜன் கோபுரமாகும். அதன் நிழலிற் பலகால் நடந்த நாம், அப்பெயர் பூண்ட மன்னன் யாவன், கன்னட நாட்டரசனாகிய அவனுக்கு இத்தலத்தில் உரிமை வந்தது எங்ஙனம் என்று ஆராய்ந்தோமில்லை.

ஹொய்சள மரபினனாகிய மூன்றாம் வீரவல்லாளன் 1292-ஆம் ஆண்டில் அரியணை ஏறினான். அவன் தலைநகர் துவாரசமுத்திரம். அதுவே இந்நாளைய ஹளேபீடு. பாண்டியர் உட்பகையிற் பயன்பெறக் கருதி அவன் தென்றிசை சென்றிருந்தபொழுது, 1311-இல் தில்லித் தளபதி மாலிக் காபூர் அந்நகர்மேல் வந்தான். விரைந்து மீண்ட வல்லாளன் யானையும் குதிரையும் பொருளும் அளித்து நகரைக் காத்தான். பிறர் வீட்டுப் பூசலை நாடிச் சென்றவன் தன் வீட்டைக் காவாதொழிந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. 1327-இல் மீண்டும் வந்த தில்லிப் படையால் அந்நகர் பாழாயிற்று.

மதில் வீழ்ந்தும் மனம் வீழாத மன்னன், திருவண்ணாமலையைத் தன் இருக்கையாகக் கொண்டான். அருணசமுத்திரம் என்று சாசனங்கள் கூறும் நகர் இதுவே. மதுரையில் புதிதாய் எழுந்த சுல்தான்களை எதிர்த்து அவன் இங்கிருந்தே போர் நடத்தினான்.

1342-இல், எண்பது பிராயம் கடந்த அவ்வரசன், சமயபுரத்தை அடுத்த கண்ணனூரை முற்றுகையிட்டான். அது அவன் பாட்டனாகிய சோமேசுவரன் அமைத்த நகர். அந்நாளில் மதுரையார் கைப்பட்டிருந்தது. வல்லாளன் படையில் முகம்மதியரும் பல்லாயிரவர் இருந்தனர் என்பர். ஆதலின் இதனைச் சமயப் போர் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. உள்ளிருந்தோர் தம் சுல்தானைக் கேட்டுச் சரணடைய 14 நாள் தவணை வேண்டினர், மன்னன் இசைந்தான். அத்தவணைக்குள் சுல்தான் கியாசுதீன் சிறுபடையுடன் வந்து, நண்பகலில் அயர்ந்திருந்த பாசறையைத் தாக்கினான். வல்லாளன் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் தோல் மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டதைக் கண்ணாற் கண்டதாக மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா எழுதிவைத்துள்ளார்.

பகைவர்க்குத் தவணை தந்தது பெருந்தன்மையாகலாம். தந்தபின் காவலைத் தளர்த்தியது பிழையே. அப்பிழை ஓர் அரசைத் தளர்த்திற்று. அவன் மைந்தன் சில ஆண்டுகளே ஆண்டான். நாடு விஜயநகரத்தார் வசமாயிற்று.

இன்று ஹளேபீட்டில் சிதைந்த மதிற்கூறுகளும் ஹொய்சளேசுவரர் கோயிலும், கண்ணனூரில் போசளீசுவரமும், இங்கே கோபுரமும் நிற்கின்றன. மைந்தனின்றி வருந்திய வல்லாளனுக்கு அண்ணாமலையாரே மகவாய் வந்தார் என்பது தலபுராணம். மைந்தனுண்டென்று சரித்திரம் கூறினும், ஊரார் அன்பு அதனைக் கேட்பதில்லை. ஆண்டுதோறும் மாசிமகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்கு எழுந்தருளி அம்மன்னனுக்குத் திதி அளிக்கிறார். அவன் போரிட்டுக் காத்த மதில்கள் சிதைந்தன. அவனை ஏற்றுக்கொண்ட ஊரின் நினைவு 600 ஆண்டுகளுக்கு மேலாகியும் சிதையவில்லை. அடுத்தமுறை அக்கோபுர வாயிலிற் புகும்பொழுது, அங்குள்ள மன்னன் சிலைமுன் நாம் சற்றே நின்று செல்வோமாக.