பகலில் போலீஸ் கோர்ட் கிளார்க்... இரவில் இரும்பு ஆராய்ச்சி! யார் இந்த சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ்?

இரும்புத் தாது இருந்தால் போதும், எஃகு தயாரித்துவிடலாம் என்றுதான் நாம நினைப்போம். ஆனால் 150 வருடங்களுக்கு முன்பு, ஐரோப்பாவின் பல சுரங்கங்களில் கிடைத்த தாது எஃகுக்கு லாயக்கில்லை என ஒதுக்கப்பட்டது. காரணம், அதில் கலந்திருந்த பாஸ்பரஸ்.

பாஸ்பரஸ் என்ன செய்யும்?

தாதுவோடு சேர்ந்து வரும் அபடைட் போன்ற கனிமங்களில் பாஸ்பரஸ் இருக்கும். அது எஃகில் தங்கிவிட்டால், குளிரில் எஃகு பட்டென்று உடைந்துவிடும். தண்டவாளம் உடைந்தால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. 1856-ல் ஹென்றி பெஸ்ஸமர் கண்டுபிடித்த உலையாலும் இந்த பாஸ்பரஸை நீக்க முடியவில்லை.

கிளார்க் வேலை, மாலை வகுப்பு

1850-ல் லண்டனில் பிறந்தவர் தாமஸ். டாக்டருக்குப் படிக்க ஆசை. ஆனால் அப்பா இறந்துவிட, 17 வயதிலேயே வேலைக்குப் போக வேண்டிய நிலை. போலீஸ் கோர்ட்டில் கிளார்க் வேலை கிடைத்தது. வேலை முடிந்ததும் பிர்க்பெக் கல்லூரியில் மாலை நேர வேதியியல் வகுப்பு. அங்கேதான் பாஸ்பரஸ் பிரச்னை அவர் மனதில் பதிந்தது.

விடை எங்கே இருந்தது?

உலையின் உள்சுவரில்! அந்தச் செங்கல் சிலிக்கா நிறைந்தது, அமிலத்தன்மை கொண்டது. எரிந்த பாஸ்பரஸும் அமிலத்தன்மை கொண்டது. அதனால் கசடில் நிற்காமல் மறுபடியும் இரும்புக்கே திரும்பியது. தாமஸ் இதை மாற்றினார். சுண்ணாம்பு, டோலமைட் வகையில் உள்சுவர் அமைத்து, உலைக்குள்ளும் சுண்ணாம்பு சேர்த்தார். பாஸ்பரஸ் சுண்ணாம்போடு சேர்ந்து கசடாகப் பிரிந்தது.

வேல்ஸில் இரும்பு ஆலை வேதியியலாளராக இருந்த உறவினர் பெர்சி கில்கிறிஸ்ட் சோதனைகளுக்கு உதவினார். 1878-ல் லண்டன் கூட்டத்தில் தாமஸ் இதைச் சொன்னபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1879 ஏப்ரலில் மிடில்ஸ்பரோவில் பெரிய உலையிலேயே செய்து காட்டினார். அவ்வளவுதான், ஐரோப்பாவே திரும்பிப் பார்த்தது!

யாருக்கு லாபம்?

பாஸ்பரஸ் அதிகமுள்ள லோரெய்ன் தாதுவுக்கு மவுசு கூடியது. ஜெர்மனியின் எஃகு உற்பத்தி வேகமாக வளர்ந்து, பிரிட்டனையே முந்தியது. வெளியேறிய கசடும் வீணாகவில்லை. அரைத்துப் பொடியாக்கி, வயலுக்கு உரமாகப் போட்டார்கள்.

34 வயதில் முடிந்த வாழ்க்கை

பணமும் புகழும் வந்தபோது உடம்பு ஒத்துழைக்கவில்லை. நுரையீரல் நோய் முற்றி, 1885-ல் பாரிஸில் இறந்தார். வயது 34-தான். சம்பாதித்த சொத்தை நற்பணிகளுக்குச் செலவிடும் பொறுப்பைத் தங்கையிடம் ஒப்படைத்துச் சென்றார்.

இன்றும் இரும்புத் தாதுவை வாங்கும் முன், இரும்பு எவ்வளவு என்பதோடு சிலிக்கா, அலுமினா, பாஸ்பரஸ் எவ்வளவு என்றும் லேப்பில் சோதிக்கிறார்கள். பாஸ்பரஸ் கூடினால் விலை குறையும். ஆனால் தாமஸ் காலத்துக்கு முன்பு போல, அந்தத் தாதுவை அப்படியே ஒதுக்கிவிடுவதில்லை.