குறிஞ்சிக் கபிலர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கில் கல்வராயன் மலை நீண்டு கிடக்கிறது. வடபகுதியில் தென்பெண்ணை ஓடுகிறது. அவ்வாற்றங்கரையில் அமைந்த ஊர் திருக்கோவலூர். அங்கே, வீரட்டானேசுவரர் கோயிலுக்கு அருகில், ஆற்றின் நடுவே ஒரு பாறை நிற்கிறது. ஊரார் அதனைக் கபிலர் குன்று என்பர். மலையையும் மலரையும் வாழ்நாளெல்லாம் பாடிய புலவர் ஒருவர் உயிர்நீத்த இடம் அது என்பது வழிவழி வரும் நம்பிக்கை.

கபிலர் பாண்டிநாட்டுத் திருவாதவூரில் அந்தணர் குலத்தில் பிறந்தவர் என்பது மரபு. சங்க நூல்களில் அவர் பெயரால் 230க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. ஐங்குறுநூற்றின் குறிஞ்சி நூறும், கலித்தொகையின் குறிஞ்சிக்கலி 29 பாடல்களும் அவர் இயற்றியவை. சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடியதற்கு நூறாயிரம் காணமும், நன்றா என்னும் குன்றேறிக் கண்ட நாடும் பரிசிலாகப் பெற்றார் என்று பதிற்றுப்பத்தின் பதிகம் கூறும்.

அவருடைய பெரும்படைப்பு குறிஞ்சிப்பாட்டு. ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழின் அகமரபை அறிவிக்கப் பாடப்பெற்ற இந்நூல் 261 அடிகளை உடையது. அருவியாடிய தலைவியும் தோழியும் மலர் கொய்து, அகன்ற பாறையில் குவிக்கின்றனர். காந்தளில் தொடங்கிப் புழகில் முடியும் அவ்வரிசையில் 99 மலர்கள். மலைப்பூக்களோடு நிற்கவில்லை கபிலர். கடற்கரையின் அடும்பும் தாழையும், வறண்ட நிலத்துக்குத் தன் பெயரை ஈந்த பாலையும் அதே பாறையில் இடம்பெறுகின்றன. ஒரு மலையில் இவையெல்லாம் ஒருங்கே பூக்குமா என்று செடிநூலார் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான். ஆனால், தமிழ்நிலம் முழுவதையும் அறிந்த ஒருவரால் மட்டுமே இப்பட்டியலைத் தந்திருக்க முடியும். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்தபோது, மலர்ப்பெயர்கள் சில விடுபட்ட ஏடுகளே முதலில் கிடைத்தன. அவர் தேடி நிரப்பியதால், 1889இல் வெளிவந்த பதிப்பில் அவ்வரிசை நிறைவுற்றது.

கபிலரின் வாழ்வைத் திசைமாற்றியவன் பறம்புமலைத் தலைவன் வேள்பாரி. இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே பறம்பு என்பர். மூவேந்தரும் அம்மலையை முற்றுகையிட்டனர். அவர்களை நோக்கிக் கபிலர் பாடிய பாட்டில் மலையின் வளமே அரணாகிறது: உழாமலே விளையும் மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். படையால் பறம்பைப் பெற இயலாது; பாணராய் யாழேந்தி வந்தால் பாரி நாட்டையும் மலையையும் தருவான் என்று அறிவுறுத்தினார். பறம்பின் 300 ஊர்களும் முன்பே இரவலர்க்குக் கொடுக்கப்பட்டுவிட்டன என்றும் கூறினார். போரில் பாரி மாண்டான்.

அதன்பின் பாடிய பாடல்களிலும் பறம்பே நிறைந்திருக்கிறது. ஆயினும் காட்சி வேறு. எட்டாம்நாள் பிறைபோல் வளைந்த கரையுடைய சிறுகுளம் காப்பாரின்றி உடைந்து கிடக்கிறது. முற்றுகையிட்ட வேந்தரின் குதிரைகளை மலைமேல் நின்று எண்ணிய பாரிமகளிர், இப்போது குப்பைமேட்டில் ஏறி, உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணுகின்றனர். பறம்பின் வரலாற்றில் நாம் அறிவதில் பெரும்பகுதி கபிலர் பாட்டுகளே. வென்றவர் எழுதிவைத்த செய்தி ஒன்றும் நமக்கு எட்டவில்லை.

நண்பனோடு அப்போதே இறந்துபட விரும்பிய கபிலர், அவன் மகளிர் பொருட்டு உயிர் தாங்கினார். அவர்களை மணக்குமாறு விச்சிக்கோவையும் இருங்கோவேளையும் வேண்டினார்; இருவரும் ஏற்கவில்லை. பெரும்புலவர்க்கு இதனினும் கொடிய இழிவு நேர்ந்திருக்க முடியாது. அவரது சினம் இருங்கோவேளைப் பாடிய பாட்டில் தெரிகிறது.

கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியையும் கபிலர் நன்கறிவார். புலவர் அனைவரையும் ஒருதன்மையராகக் கருதி வழங்குவது எளிது, தரமறிந்து வழங்குவதே அரிது என்று அவனுக்கே எடுத்துரைத்தவர் அவர். அவன் ஈந்த தேர்கள் முள்ளூர் மலைமேல் விழும் மழைத்துளிகளினும் பல என்று புகழ்ந்தவரும் அவரே.

மகளிரை அந்தணரிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் எனப் புறநானூற்றுப் பாடற்குறிப்பு தெரிவிக்கிறது. திருக்கோவலூர்க் கோயிலிலுள்ள முதலாம் இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டோ, பாரிமகளை மலையனுக்கு அளித்துவிட்டு அவர் தீப்புகுந்தார் என்றும், அவ்விடம் கபிலக்கல் என்றும் கூறுகிறது. அவருடைய இறுதிப் பாட்டோடு பொருந்துவது முன்னதே. அதில் அவர், தம்மை உடன்வர விடாமல் நிறுத்திச் சென்ற பாரியை நட்புரிமையோடு கடிந்துகொண்டு, மறுபிறப்பிலும் அவனோடு கூடி வாழ ஊழை வேண்டுகிறார்.