கடற்பறவை தந்த நாடகாசிரியர்

ருஷ்ய நாடக மேடையைப் புதுப்பித்த அந்தோன் செகாவ் என்பாரின் வரலாற்றை இங்கு நாம் காண்போம்.

இவர் 1860ஆம் ஆண்டு, அசோவ் கடலோரத்துத் தாகன்ரோக் நகரில் பிறந்தார். பாட்டனார் பண்ணையடிமையாய் இருந்து, பணங்கொடுத்து விடுதலை பெற்றவர். தந்தையார் மளிகைக் கடை நடத்தினார். 1876இல் கடன் முற்றிக் கடை நொடித்தது. குடும்பம் மாஸ்கோவுக்குப் புறப்பட்டது. பதினாறு வயதுச் செகாவ் மட்டும் பின்தங்கி, பிற பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துப் பிழைத்து, பள்ளிப் படிப்பை முடித்தார். பின்னர் மாஸ்கோவில் மருத்துவம் பயின்றார். வீட்டுச் செலவுக்காக நகைச்சுவை ஏடுகளில் சிறுகதைகள் எழுதினார்.

1892இல் மெலிகோவோ என்னும் சிற்றூரில் குடியேறி, ஏழை உழவர்க்கு இலவசமாக மருத்துவம் செய்தார். அவ்வட்டாரத்தில் மூன்று பள்ளிக்கூடங்களும் கட்டுவித்தார். பள்ளி மலரில் இதனைக் கூறாமல் விட நமக்கு மனம் வரவில்லை.

அங்கிருந்தபோதுதான் 'கடற்பறவை' நாடகத்தை எழுதினார். அக்கால மேடையில் உரத்த வசனமும் திடுக்கிடும் திருப்பமுமே செல்வாக்குப் பெற்றிருந்தன. செகாவின் மாந்தரோ வீட்டில் இருப்பதுபோல் உண்பர், விளையாடுவர், ஊர்க்கதை பேசுவர். துயரத்தை மட்டும் உள்ளே வைத்துக்கொள்வர்.

1896 அக்டோபரில் பீட்டர்ஸ்பர்க் நகரின் அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கில் அந்நாடகம் அரங்கேறிற்று. ஒத்திகை போதவில்லை. அன்றோ நகைச்சுவை நடிகை ஒருவரின் சிறப்பு இரவு. சிரிக்க வந்த கூட்டம் சோகக் காட்சியிலும் சிரித்தது. செகாவ் அவையை விட்டெழுந்தார். நள்ளிரவுவரை தெருக்களில் தனியே நடந்தார். மறுநாளே ஊரை விட்டகன்றார். அடுத்த காட்சிகள் நன்றாகவே நடந்தன. ஆயினும் அவ்விரவின் புண் ஆறவில்லை. இனி நாடகமே எழுதுவதில்லை என்று உறுதி பூண்டார்.

1898இல் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச் தான்சென்கோவும் மாஸ்கோ கலை அரங்கை நிறுவினர். நெமிரோவிச் மடல்மேல் மடல் எழுதி மன்றாடி, அதே நாடகத்திற்கு இசைவு பெற்றார். இம்முறை நெடிய ஒத்திகை நடந்தது. டிசம்பர் மாதம் முதல் அங்கம் முடிந்து திரை விழுந்ததும் அவையில் ஓசையே இல்லை. தோற்றோம் என்று நடிகர்கள் கலங்கினர். அதன் பின்னரே கரவொலி இடியென முழங்கிற்று!

அவ்வேளையில் செகாவ் காசநோயால் நலிந்து, தொலைவில் யால்டா நகரில் இருந்தார். செய்தியைத் தந்தி கொண்டு சென்றது. ஆசிரியரின் உடல்நிலையை எண்ணி, 1900இல் நடிகர்கள் தட்டுமுட்டுகளோடு கிரிமியாவுக்கே சென்று அவர்தம் நாடகங்களை நடித்துக் காட்டினர். எழுதுவதில்லை என்றவர் அதன்பின் 'மூன்று சகோதரிகள்', 'செர்ரித் தோட்டம்' ஆகியவற்றை அவர்களுக்கென்றே எழுதினார்.

'செர்ரித் தோட்டம்' 1904 ஜனவரியில் அரங்கேறியபோது, வெளிறிய முகத்தோடு இருமிக்கொண்டே மேடையில் நின்று பாராட்டை ஏற்றார். அவ்வாண்டு ஜூலையில், ஜெர்மனியில் காலமானார். வயது நாற்பத்து நான்கு. மாஸ்கோ கலை அரங்கின் சின்னமாக இன்றும் ஒரு கடற்பறவை சிறகு விரித்திருக்கிறது.