பொறியும் பெயரும்

பொறி என்னும் சொல் தமிழிற் பல பொருள் தருவது. தீத்துளியும் பொறி, இயந்திரமும் பொறி, அரசர் இட்ட இலச்சினையும் பொறியே. இம்மூன்றும் ஒருங்கே வந்து கூடிய வாழ்வு ஜேர்மன் தேசத்து றொபேட் பொஷ் என்பாரின் வாழ்வு.

இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இயந்திரத்தோடு என்ன உறவு என வாசகர் வினவலாம். எங்கள் தீவுப்பகுதியிற் பழைய ஒஸ்ரின் ஏ-40 கார்களும் மொறிஸ் மைனர்களும் நெடுங்காலம் ஓடின. 1990களிற் பெற்றோல் வரவு தடைப்பட்டபோது, சிறிதளவு பெற்றோல் விட்டு முடுக்கிய பின் மண்ணெண்ணெயிலே அவற்றை ஓட்டினர். பிளக்கிற் கரி படியும், பொறி எழாது, வண்டி நடுத்தெருவில் நிற்கும். ஏற்ற உறுப்பைத் தேடி அலைந்தவர்களைக் கண்டே இத்துறையின் முன்னோர் வரலாற்றை யான் கற்கலானேன்.

பொஷ் 1861 செப்டெம்பர் 23இல், ஊல்ம் நகரின் அயலிலுள்ள அல்பெக் என்னும் சிற்றூரிற் பிறந்தார். விடுதி நடத்திய தந்தைக்குப் பன்னிரு மக்கள், இவர் பதினோராமவர். நுண்கருவித் தொழில் பயின்று, 1884இல் அமெரிக்கா சென்று, பின் இங்கிலாந்திலும் வேலை செய்து மீண்டார். 1886 நவம்பர் 15இல், ஒரு தொழிலாளியையும் ஓர் ஏவற் சிறுவனையும் துணைக்கொண்டு ஸ்ருட்காட் நகரிற் பட்டறை திறந்தார்.

மறு ஆண்டு வாடிக்கையாளர் ஒருவர், நிலையான எஞ்சின் ஒன்றுக்கு மக்னெற்றோ செய்து தருமாறு கேட்டார். அக்கருவியை முதலிற் கண்டவர் பொஷ் அல்லர். முன்பே இருந்ததைத் திருத்திச் செம்மையாக்கியவர் அவர். குதிரைலாட வடிவக் காந்தங்களின் இடையே கம்பிச்சுருள் அசைய, பற்றறி இன்றியே மின்சாரம் பிறக்கும். அதனைத் தக்க கணத்தில் முறித்தாற் பொறி தெறிக்கும். 1897இல் அதனை விரைந்து சுழலும் மோட்டார் வண்டிக்கு ஏற்றதாக்கினர். 1902இல் அவருடைய பொறியியலாளர் கொட்லொப் ஹொனோல்ட் உயரழுத்த மக்னெற்றோவையும் அதற்கு இசைந்த பிளக்கையும் ஆக்கினார். அதன்பின் உலகெங்கும் அப்பெயர் பரவிற்று. 1906இல் பொஷ் தம் தொழிலாளருக்கு எட்டு மணி நேர வேலைநாளை வழங்கினார்.

பெயர் பரவியதே பெயருக்கு இடராயிற்று. முதலாம் உலகப்போரின்போது அவருடைய அமெரிக்கத் தொழிலகத்தை அந்நாட்டரசு கைப்பற்றிப் பிறருக்கு விற்றது. வாங்கியோர் அதே பெயரில் மக்னெற்றோ விற்றனர். ஒளவையார் என்னும் பெயர் பூண்டார் பலராதலாற் பாட்டின் நடைகொண்டு காலம் துணிவர் அறிஞர். அவ்வாறே பழைய வண்டி பேணுவோரும் பெயரை மட்டும் நம்புதல் ஆகாது. வட்டத்துள் ஆர்மேச்சர் அமைந்த இலச்சினையை ஹொனோல்ட் வரைந்தது 1918இல். ஆகவே 1910ஆம் ஆண்டு வண்டியில் அவ்விலச்சினை பொறித்த உறுப்பு இருப்பின், அது பின்னர் மாற்றப்பட்டது என்பது தெளிவு. டி.யூ. 4 போன்ற குறியீட்டில் இறுதி எண் சிலிண்டர்த் தொகையைக் காட்டும். சுழலும் திசையும் ஒத்திருத்தல் வேண்டும். வலஞ்சுழிக்கு உரியதை இடஞ்சுழியிற் பூட்டினாற் பொறி நலியும். ஒரு சுழற்சிக்கு இரு பொறி தரும் மக்னெற்றோ, நான்கு சிலிண்டர் எஞ்சினில் அதன் அச்சுத்தண்டின் வேகத்திலும், ஆறு சிலிண்டராயின் ஒன்றரை மடங்கு வேகத்திலும் சுழல வேண்டும்.

1910ஆம் ஆண்டு அமெரிக்கக் கடிலாக் வண்டியிற் கெற்றறிங் என்பாரின் பற்றறிக் கொயில் முறை வந்தது. பொஷ் தொழிலகமும் 1925இல் அவ்வகையை விற்பனைக்குக் கொணர்ந்தது. எங்கள் ஏ-40 கார்களும் கொயில் வகையினவே.

பொஷ் வாழ்விற் பிற துயரங்களும் இருந்தன. அவர் பெயர் தாங்கிய மகன் 1921இல் நோயால் இறந்தார். போர்க்கால இலாபத்தைத் தமக்கென வைத்துக்கொள்ள மனமொப்பாது, நெக்கார் ஆற்றைக் கலம் செல்லத் தக்கதாக்கும் பணி முதலியவற்றுக்கு ஈந்தார். 1940இல் ஸ்ருட்காட்டில் மருத்துவமனை ஒன்றை நிறுவினார்.

ஹிற்லர் ஆட்சியிலே அவர் தொழிலகம் படைக்கலத் துணையுறுப்புகள் செய்தது. வலிந்து கொணரப்பட்ட தொழிலாளரையும் வேலை வாங்கிற்று. அதே தொழிலகம், ஆட்சியை எதிர்த்த கேர்டெலருக்கு 1937 முதற் பதவியளித்துப் புகலாய் நின்றது. யூதர் பலர்க்கும் உதவிற்று. 1942 மார்ச் 12இற் பொஷ் இறந்தபோது அவ்வரசே அரச மரியாதையுடன் அடக்கம் செய்தது. கேர்டெலர் 1945இற் கொல்லப்பட்டார். பொஷ்ஷின் பின் தலைமை தாங்கிய ஹான்ஸ் வால்ற்ஸை, யூதரைக் காத்தமைக்காக 1969இல் இஸ்ரேல் சிறப்பித்தது.

இவ்விரண்டில் ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் கூறுதல் வரலாறு ஆகாது. உறுப்பை ஆராய்வோர் பெயரைப் படித்த அளவில் நில்லாது, குறியீடும் திசையும் காலமும் பார்ப்பர். மாந்தரை ஆராய்வோர்க்கும் அப்பொறுமை வேண்டும்.