காப்புரிமை வேண்டாம் என்ற போஸ்: பெயர் மட்டும் ஏன் மார்க்கோனிக்குப் போச்சு?

காசிமேடு கடற்கரையில் நின்றால், தூரத்தில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் தெரியும். ஒவ்வொன்றின் உச்சியிலும் ரேடார் ஆன்டெனா இருக்கும். அது அனுப்புவது சில சென்டிமீட்டர் நீளமுள்ள மின்காந்த அலை. அதைவிடக் குட்டியான, 5 மில்லிமீட்டர் அலையை 1890களிலேயே கொல்கத்தாவில் உருவாக்கியவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

1858-ல் மைமன்சிங்கில் பிறந்தவர். 1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். ஐரோப்பியர்களைவிடக் குறைந்த சம்பளம் என்றதும், மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் முழு சம்பளமும் பாக்கியோடு வந்தது.

நல்ல ஆய்வகம் கிடையாது. உள்ளூர் தகர வேலைக்காரரை வைத்துக் கருவிகள் செய்தார். அலையை வடிகட்ட என்ன பண்ணினார் தெரியுமா? ரயில்வே டைம்டேபிள் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே வெள்ளீயத் தாளைச் சொருகினார், அவ்ளோதான்! அலையைச் சேகரிக்கப் புனல் வடிவக் குழாய் ஒன்றும் செய்தார். இன்று அதற்குப் பெயர் ஹார்ன் ஆன்டெனா. 1895-ல் கொல்கத்தா டவுன்ஹாலில், கம்பியே இல்லாமல் சுவர்களைத் தாண்டி மணியடிக்க வைத்தார், வெடிமருந்தையும் பற்ற வைத்தார்.

1901-ல் லண்டனில் ஒரு தந்தி நிறுவன முதலாளி காப்புரிமை ஒப்பந்தத்தோடு வந்தார். போஸ் மறுத்துவிட்டார். அறிவை விற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. நண்பர்கள் சாரா புல், நிவேதிதா இருவரின் வற்புறுத்தலால் 1904-ல் ஓர் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதையும் காலாவதியாக விட்டுவிட்டார்.

அதே 1901 டிசம்பரில்தான் அட்லாண்டிக்கைத் தாண்டிய சிக்னலை மார்க்கோனி பிடித்தார். அதற்குப் பயன்பட்ட பாதரசக் கருவி, போஸ் 1899-ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது என்று 1998-ல் ஐ.இ.இ.இ. இதழில் ஓர் ஆய்வாளர் வாதிட்டார். 1909 நோபல் மார்க்கோனிக்குப் போனது. போஸ் கோடிகளை இழந்தார் என்றுதான் பலரும் வருத்தப்படுகிறார்கள். பணத்தை அவரே வேண்டாம் என்றவர். பெயரை அப்படிச் சொல்லவில்லையே!

இன்றைய ஓப்பன் சோர்ஸ் உலகம் இந்த ஓட்டையை அடைத்திருக்கிறது. எம்.ஐ.டி.யில் பிறந்த மீப், ஓப்பன் இ.எம்.எஸ் போன்ற மென்பொருள்கள், இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, மின்காந்த அலை நொடிக்கு நொடி எப்படி நகரும் என்று கணக்கிடுகின்றன. 1966-ல் கேன் யீ தந்த முறை அது. இரண்டும் இலவசம். யாரும் மாற்றலாம். ஆனால், அடுத்தவருக்குக் கொடுக்கும்போது எழுதியவர் பெயரை நீக்கக் கூடாது, மூல நிரலையும் தர வேண்டும்.

திருவொற்றியூரில் ஒரு சாதாரண லேப்டாப்பிலேயே ஓப்பன் இ.எம்.எஸ்ஸை ஓட்டிப் பார்க்கலாம். அதன் பயிற்சிப் பாடங்களில் ஒன்று, ஹார்ன் ஆன்டெனா.