அரேபியாவின் லாரன்ஸ்

முதல் உலகப் போரில் பெரும்புகழ் எய்தியவர்களுள் தாமஸ் எட்வர்டு லாரன்ஸ் ஒருவர். வெண்ணிற அரபு உடை தரித்து, ஒட்டகத்தின்மீது இவர்ந்து, துருக்கிப் பேரரசைத் தனியொருவராய் நின்று சாய்த்தவர் என்று உலகம் அவரைப் போற்றியது. இப்புகழுரையில் உண்மையும் உண்டு, புனைவும் உண்டு.

லாரன்ஸ் 1888ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்றார். மாணவராக இருந்தபோதே சிரியா நாட்டுப் பழங்கோட்டைகளைக் கால்நடையாகச் சென்று ஆராய்ந்தார். பின்னர்க் கார்க்கெமிஷ் என்னும் இடத்தில் அகழ்வாராய்ச்சியில் ஈடுபட்டார். அங்கு மண் தோண்டும் தொழிலாளருடன் பழகி, அரபு மொழியையும் அம்மக்களின் வழக்கங்களையும் நன்கு அறிந்தார். போரில் அவருக்குக் கைகொடுத்தது இவ்வறிவே. தோற்றத்தில் அவர் குள்ளமானவர். 1962இல் வெளிவந்த திரைப்படத்தில் அவராக நடித்தவரோ ஆறடிக்கு மேல் உயர்ந்தவர்!

1916ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மெக்காவின் ஷரீப் உசேன் துருக்கியரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார். அதற்கு நான்கு திங்கள் கழித்தே லாரன்ஸ் அரேபியாவில் அடிவைத்தார். ஆதலின் அக்கிளர்ச்சியைத் தோற்றுவித்தவர் அவர் என்பது பொருந்தாது. உசேனின் மகன் பைசலுக்கு அவர் துணைவராக அமைந்தார். ஹெஜாஸ் இருப்புப்பாதையை வெடிவைத்துத் தகர்த்த பணியிலும் கார்லண்டு, நியூகோம்பு முதலிய அதிகாரிகளுக்கும் அரபு வீரர் பலருக்கும் பங்கு உண்டு.

1917ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் அகபா துறைமுகம் வீழ்ந்தது. ஒட்டகப்படை சீறிப் பாய்ந்து அந்நகரைக் கைப்பற்றியதாகத் திரைப்படம் காட்டுகிறது. கடும்போர் நிகழ்ந்ததோ நான்கு நாள்களுக்கு முன்னர், பல கல் தொலைவிலிருந்த அபா எல் லிசான் என்னும் கணவாயில். ஔதா என்னும் தலைவரின் குதிரைவீரரே அதில் வெற்றிக்கு வித்திட்டனர். பாய்ந்து செல்கையில் லாரன்ஸ் தவறுதலாகத் தம் ஒட்டகத்தையே சுட்டுவிட்டு, கீழே விழுந்து உணர்விழந்து கிடந்தார். அவர் எழுந்தபோது போர் முடிந்திருந்தது. இதனைத் தம் நூலில் மறைக்காமல் எழுதியவரும் அவரே. அகபாவிலிருந்து சினாய்ப் பாலையை ஒட்டகத்தின்மீது கடந்து, வெற்றிச் செய்தியைச் சூயசுக்குக் கொணர்ந்த அருஞ்செயல் புனைவன்று.

இப்புகழைப் பரப்பியவர் அமெரிக்கச் செய்தியாளர் லோவல் தாமஸ். 1919இல் இலண்டனில் அவர் நடத்திய படக்காட்சியைக் காண மக்கள் திரண்டனர். லாரன்ஸும் சென்று கண்டார். புகழை அவர் விரும்பவும் செய்தார், அஞ்சவும் செய்தார். அவர் உள்ளத்தை அரித்தது வேறொன்று. அரபு நாடுகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளப் பிரிட்டனும் பிரான்சும் 1916இலேயே உடன்பாடு செய்திருந்தன. அதனை அறிந்திருந்தும், விடுதலை கிட்டும் என்று நம்பிப் போரிட்டவர்களை அவர் வழிநடத்தினார். மன்னர் அளித்த விருதுகளை அவர் ஏற்க மறுத்தார்.

1922இல் பெயரை மாற்றிக்கொண்டு விமானப்படையில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார். 1928இல் அவர் ஆப்கானிஸ்தானத்தில் ஒற்றாடுவதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அப்போது அவரோ எல்லைப்புறத்து மீரான்ஷா கோட்டையில் எழுத்தர் பணி புரிந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் ஹோமரின் காவியத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்! 1935ஆம் ஆண்டு மே திங்களில், மிதிவண்டியில் வந்த இரு சிறுவர்மீது மோதாதிருக்கத் தம் மோட்டார் சைக்கிளைத் திருப்பியபோது வீழ்ந்து அடிபட்டு, ஆறாம் நாள் உயிர் நீத்தார்.